வியாழக்கிழமைச் செமினார்

யேசுதாசனுக்கு இந்த உலகத்தில் சொந்தமென்று சொல்லிக்கொள்ள மிஞ்சியிருந்தது செவ்வாய்க்கிழமைப் பின்னேரம் ஒன்றுதான். ஃப்ரிபூர்க்கில் அவர் கோப்பை கழுவுகிற ரெஸ்டோரன்டுக்குச் செவ்வாயில் பூட்டு. மற்ற நாளெல்லாம் நீராவிக்குள் நின்று நின்று, கால் இரண்டும் யாரோ கழற்றி எறிந்த பழைய சப்பாத்துப் போலாகிவிடும். செவ்வாய் மத்தியானம் சோற்றைத் தின்றுவிட்டு இரண்டு மணிக்குச் சரிந்தாரென்றால் ஆறு மணிக்குத்தான் எழும்புவார். மாதா கோவில் மணி அடித்தாலும் சரி, மாடி வீட்டுக் கிழவர் சுவரில் ஆணி அடித்தாலும் சரி.

எண்பத்தெட்டாம் ஆண்டு ஓகஸ்டில் அவருடைய மனைவி திரேசாவுக்கு ஒரு காயிதம் வந்தது. திரேசா யாழ்ப்பாணக் கம்பஸில் இரண்டு வருசம் படித்து, நாட்டுப் பிரச்சினையால் பாதியில் விட்டவள். இங்கே வந்து மூன்று வருசம், சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் பிரெஞ்சு படித்து, சோதனையும் பாஸ் பண்ணி, யூனிவர்சிட்டிக்கு எழுதிப் போட்டிருந்தாள். எடுத்துவிட்டார்கள். ஒக்டோபரில் தொடக்கம். அதற்குமுன் முதலாம் ஆண்டு செமினார் ஒன்றைத் தெரிந்தெடுத்து அனுப்பவேண்டும்.

யேசுதாசனுக்குத் தெரிந்ததெல்லாம் செமினறி. ஊரில் பாதிரிச் சுவாமியாகப் போகிறவர்கள் படிக்கிற இடம்.

"பொம்பிளையளை எப்பயிருந்து எடுக்கிறாங்கள்?" என்று கேட்டார்.

"செமினறி இல்லையப்பா, செமினார். பதினைஞ்சு பேர் சுத்தியிருந்து கதைக்கிறது."

"கதைக்கப் பழகிறதுக்கு நீர் ஏன் யூனிவர்சிட்டிக்குப் போறீர்?"

திரேசா காயிதத்தோடு வந்திருந்த பட்டியலை மேசையில் விரித்து வைத்தாள். நாலு செமினார். திங்களும் புதனும் இரவில். அந்த நேரம் அவர் வேலையில் நிற்பார், ஐந்து வயது மகள் சுகந்தியைப் பார்க்க ஆளில்லை. மிஞ்சியது இரண்டு. செவ்வாய் பின்னேரம் இரண்டு மணிக்கு ஒன்று. வியாழன் காலை ஒன்பது மணிக்கு ஒன்று. அப்போது பிள்ளை பள்ளிக்கூடத்தில்.

"செவ்வாயை எடுக்கலாமெண்டு பாக்கிறன்," என்றாள் திரேசா. "நீங்கள் வீட்டிலைதானே. பிள்ளையை ஆத்தங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். அவளுக்கும் விளையாட்டு, உங்களுக்கும் காத்து."

யேசுதாசன் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். மனைவி படிப்பதில் அவருக்குச் சரியான பெருமை. குசினியில் பெரிய சமையற்காரர் தொடக்கம் முட்டை கொண்டுவருகிறவர் வரைக்கும் சொல்லி முடித்திருந்தார். ஆனால் பெருமை வேறு, நித்திரை வேறு. என் நித்திரை குழம்பும் என்று வாய்திறந்து சொல்லவும் முடியாது. பல வருசமாக விட்ட படிப்பைத் தொடப்போகிறவளிடம் தலையணையைக் காட்டி நியாயம் கேட்டால், அது அவருடைய காதுக்கே நல்லாயிருக்காது.

ஆகவே தந்திரம் செய்வதென்று முடிவெடுத்தார். அடுத்தநாள் வேலையில் தவச்செல்வனிடம் ஆலோசனை கேட்டார். தவச்செல்வன் பக்கத்துத் தொட்டியில் சலாது இலை கழுவுகிறவர். முன்பு யூனிவர்சிட்டியில் ஆறு மாதம் நிலம் துடைத்தவர் என்பதால் உயர்கல்வி விசயத்தில் தமிழர்களுக்குள் அவருடைய சொல்லுக்கு மதிப்பிருந்தது. பாடத்தைக் குறை சொன்னால் திரேசா எதிர்த்து வாதாடுவாள், படிப்பிக்கிறவரைக் குறை சொல் என்று அவர் புத்தி சொன்னார்.

யேசுதாசன் மூன்று நாள் பாடுபட்டார். முதல்நாள், செவ்வாய்க்கிழமைப் புரொபெசர் மீசைக்குள்ளே கதைக்கிறவராம், சுவிஸ்காரருக்கே விளங்காதாம் என்றார். இரண்டாம்நாள், அந்த வகுப்பு நாலாம் மாடியிலாம், லிஃப்ட் இல்லையாம் என்றார். மூன்றாம்நாள், போன வருசம் அந்த மனுசன் பாதிப் பேரைப் பெயில் விட்டதாம் என்றார். இதெல்லாம் ஆர் சொன்னது என்று திரேசா கேட்கவில்லை. வெங்காயம் உரித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அப்ப வியாழனை எடுக்கட்டோ? ஆனா அதிலை வீட்டுவேலை சரியான கூட. தனிய என்னாலை ஏலாது."

வீட்டுவேலை என்றால் கொப்பி, கட்டுரை, மனக்கணக்கு. யேசுதாசனுக்குத் தெரியாததா? தான் எட்டாம் வகுப்பு வரைக்கும் வீட்டுவேலை செய்யாமலே போய்வந்ததை நினைத்துக்கொண்டார்.

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். எவ்வளவு வீட்டுவேலையெண்டாலும் நான் செய்யிறன்."

"சொன்ன சொல்லு மாறமாட்டியளே?"

"நான் எப்ப மாறினனான்?"

திரேசா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து வைத்தாள். வீட்டுக்காரரும் கையெழுத்து வைக்கவேணுமாம். பிரெஞ்சில் நெருக்கி நெருக்கி ஒன்றரைப் பக்கம். அவர் வாசிக்கவில்லை, அகதி விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து இந்த நாட்டில் வாசித்துக் கையெழுத்து வைக்கிற வழக்கத்தை அவர் விட்டிருந்தார். உங்களுக்கு லீவு நாள் எது என்று ஒரு கேள்வி இருக்கிறது, அதை உங்கட கையாலேயே எழுதுங்கோ என்றாள். தனக்குத் தெரிந்த பிரெஞ்சைக் காட்டக் கிடைத்த சந்தர்ப்பமென்று "மார்டி" என்று, அதாவது செவ்வாயென்று, வடிவாக எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தார்.

அன்றிரவு அவர் வெற்றி வீரரைப் போலக் குறட்டை விட்டார்.

ஒக்டோபர் வந்தது. வியாழன் காலையில் திரேசா புதுப் பையோடு போய், மத்தியானம் முகம் மலர்ந்து திரும்பினாள். யேசுதாசனுக்கும் சந்தோசம். அடுத்த செவ்வாய் விடிய ஏழு மணிக்கு யாரோ தோளில் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் திரேசா. கையில் கொப்பி, பென்சில். கழுத்தில், நேரம் குறிக்க, சுகந்தியின் சின்ன மணிக்கூடு.

"எழும்புங்கோ. தொடங்கவேணும்."

"எதை?"

"வீட்டுவேலையை."

அவள் படிவத்தின் பிரதியை எடுத்து மொழிபெயர்த்தாள். செமினாரின் பெயர், குடும்பத்துக்குள் வேலைப் பங்கீடு. ஒவ்வொரு மாணவரும் ஒரு வீட்டை ஆராயவேண்டும். அந்த வீட்டில் குறைவாக வேலை செய்கிற பெரியவர், வாரத்தில் ஒருநாள், தான் குறித்துக் கொடுத்த நாளில், சமையல், உடுப்புத் தோய்த்தல், கூட்டுதல், பிள்ளை பார்த்தல் அத்தனையையும் ஒப்புக்கொண்டு செய்வார். மாணவர் உதவி செய்யக்கூடாது. பார்த்து எழுதவேண்டும். கீழே யேசுதாசனின் கையெழுத்து. அதற்குமேல், கோடிழுத்த செவ்வாய்.

"இதை நீர் எப்ப தெரிஞ்செடுத்தனீர்?"

"பட்டியல் வந்த அண்டைக்கே. செவ்வாயை எடுக்கப்போறனெண்டு சொல்லாட்டி நீங்கள் வியாழனுக்கு இவ்வளவு பாடுபட்டிருப்பியளோ?"

யேசுதாசன் எழும்பிப் போய் அரிசியைத் தேடினார். அரிசி எங்கே என்று கேட்டார். அவள் சொல்லவில்லை, எழுதினாள். பத்து மணிக்கு உடுப்புக் கூடையோடு நிலக்கீழ் அறைக்கு இறங்கினார். அங்கே மாடி வீட்டுக் கிழவர் நின்று, மெசினில் தூளை எந்தக் குழிக்குள் போடுவதென்று அரை மணித்தியாலம் படிப்பித்தார். பின்னேரம் இரண்டு மணிக்கு ஆற்றங்கரையில் சுகந்தி ஊஞ்சலில் ஆடினாள். அவர் மர வாங்கில் இருந்தபடி தூங்கி விழுந்தார். திரேசா தள்ளி நின்று அதையும் எழுதினாள்.

இப்படிப் பதினைந்து செவ்வாய் போயின. புட்டு முதலில் கல்லாக இருந்தது, பிறகு களியானது, தை மாதமளவில் புட்டானது. தவச்செல்வனுக்கு மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பெப்ரவரியில் திரேசா தன் கட்டுரையைக் கொடுத்தாள். வகுப்பில் அதற்குத்தான் ஆகக்கூடிய புள்ளி. சேதி வந்த அன்று யேசுதாசன் கறிச்சட்டி உரஞ்சிக்கொண்டு நின்றார். உண்மையாகவே சந்தோசப்பட்டார். இந்தப் புள்ளியில் பாதி தன்னுடையது என்றும் மனதுக்குள் பட்டது. கையைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"என்னைப் பற்றி உம்மட புரொபெசர் மேடம் ஏதும் சொன்னவவோ?"

"ஓம்," என்றாள் திரேசா, கோட்டைக் கழற்றியபடி. "ஆள் நல்லாய் முன்னேறுறாராம். வாரத்திலை ரெண்டு நாளாக்கி, ரெண்டாம் ஆண்டுக்கும் இவரையே வைச்சுச் செய்யட்டாம்."