ஐநூறைத் தொடக் கூடாத கார்

மதிப்பிற்குரிய பட்டறை முதலாளி அவர்களுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். தங்கள் நலத்தைத் தங்கள் அக்காள் தினமும் போனில் அரை மணி நேரம் விசாரித்துவிடுவதால் நான் தனியாக விசாரிக்கவில்லை.

என் காரின் எஞ்சினைப் பிரித்து, தேய்ந்ததையெல்லாம் மாற்றி, மறுபடி பூட்டிக் கொடுத்தீர்கள். நன்றி. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "ஐநூறு கிலோமீட்டர் ஓடினதும் வண்டியக் கொண்டு வாங்க மாமா, எஞ்சின் மேல்மூடியோட ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கணும். மூடிக்கு அடியில இருக்கற புது கேஸ்கெட் தகடு சூட்டுல அமுங்கும், போல்ட் தளரும்" என்றீர்கள். ஒருமுறை ஒழுங்காக இறுக்கினால் மறுமுறை எதற்கு என்று நியாயமாகத்தான் கேட்டேன். அதற்கு நீ, என் மனைவியை வைத்துக்கொண்டே, "போல்ட்டாவது தளரும் மாமா, உங்க பிடிவாதம் தளராது" என்றாய். அவள் சிரித்தாள். முப்பத்தோரு வருடம் கடை கடையாகப் போய்த் தராசுக்கு முத்திரை வைத்தவன் நான். வைத்தால் வைத்ததுதான் என்றேன். "வருஷா வருஷம் மறுபடி போய்த்தானே வெச்சீங்க?" என்றாள் உன் அக்காள். உங்கள் வீட்டுப் பெண், வேறெப்படிப் பேசுவாள்? இனி உன் பட்டறை வாசலை மிதிப்பதில்லை என்று அன்றே சொல்லிவிட்டேன்.

ஆகவே வண்டி ஐநூறைத் தொடக் கூடாது, அவ்வளவுதானே? நீ பூஜ்யத்தில் வைத்துக் கொடுத்த மீட்டர் நானூற்றுத் தொண்ணூறைக் காட்டியதும் நிறுத்திவிட்டேன். காய்கறிக்கு நடந்து போகிறோம். ரிவர்ஸில் ஓட்டினால் மீட்டர் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தெரு முழுக்கப் பின்னாலேயே ஓட்டினேன். மீட்டர் குறையவில்லை, எதிர்வீட்டுப் பல் மருத்துவரின் கேட்தான் கீல் விட்டு ஆடுகிறது. ஆடுவதைப் பிடுங்குவது உங்கள் தொழில்தானே என்றேன். அன்றிலிருந்து அவரும் பேசுவதில்லை.

ஹெட் ஓரத்தில் தண்ணீர் கசிகிறதாம். "இன்னும் விட்டா கேஸ்கெட் போயிடும், அப்புறம் எஞ்சினே போயிடும். தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்கிறாள் உன் அக்காள். குறைந்துதான் போவேன். அது கசிவு இல்லை, வியர்வை என்று சொல்லிவிட்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஞாயிற்றுக்கிழமை நீ வராமல் வீடு வெறிச்சென்று கிடப்பது உண்மைதான். அதற்காக நான் இறங்கி வருவேன் என்று கனவு காணாதே.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு இல்லை.

இப்படிக்கு,
ஒருக்காலும் வராத மாமா

பி.கு.: இப்பேர்ப்பட்ட கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினால்தான் மரியாதை. அதைப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போய்க் கொடுப்பதா என்று காரிலேயே தலைமைத் தபால் நிலையம் வந்தேன். மீட்டர் ஐநூற்று ஒன்று. போனட்டிலிருந்து ஆவி வருகிறது. உன் பட்டறை அடுத்த தெருதான், தள்ளிக்கொண்டு வருகிறேன். எஞ்சின் ஆறிய பிறகுதான் போல்ட்டைத் தொட வேண்டும் என்றாயே, ஆறும்வரை அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். தபால்தலையை வீணாக்குவானேன், கடிதத்தைக் கையிலேயே தருகிறேன். முதலில் இறுக்கு. அப்புறம் படி.