பதினோரு பாகமும் நானும்

எங்கள் வீட்டுக்குள் ஒரு பாட்டில்கூட நுழையக் கூடாது என்று ஒரு திங்கட்கிழமை காலை நான் தீர்மானம் போட்டேன். உடனே என்னைப் பற்றி உயர்வாக நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது பால் பாட்டில்.

காரணம் இருக்கிறது. நான் மோட்டார் பம்ப் மெக்கானிக். பட்டறையில் எனக்குப் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் வேலை. அதுவரை காலை நேரம் முழுக்க என்னுடையது. அதாவது, மனைவி சொல்லும் வேலைகள் போக மிச்சம் என்னுடையது. அந்த மிச்சத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை கேரம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் பறிகொடுக்காத ஒரே ராஜ்யம் அந்த மரச் சதுரம்தான்.

என் மனைவிக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஷிப்ட். அடுத்த மாதம் பிரசவம், எங்களுக்கு முதல் குழந்தை; அதனால் இப்போது லீவில் இருக்கிறாள். லீவு முடிந்து அவள் வேலைக்குப் போகும்போது குழந்தையை என்ன செய்வது? ஆஸ்பத்திரியில் ஊழியர்களின் குழந்தைகளுக்கென்றே ஓர் அறை இருக்கிறது. அங்கே விட்டால் இவளே நடுநடுவே போய்ப் பால் கொடுத்துவிடலாம். அது வேண்டாமென்றால் இவள் பாலை எடுத்து வைத்துவிட்டுப் போக, குழந்தை வீட்டிலேயே பாட்டிலில் குடிக்கலாம். யார் கையால் குடிக்கும்? நீங்கள் நினைப்பது சரிதான்.

"என்னங்க, அந்த ரூம்ல இடம் வேணுமா வேண்டாமான்னு மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம்."

"வேணும்னு எழுதிடு."

"எதுக்கு? காலையில நீங்க வீட்ல சும்மாதானே இருக்கீங்க?"

"சும்மாவா? நானா?"

"கேரம் ஆடறதும் வேலைதான்னா சொல்லுங்க, சம்பளம் என்னிக்குன்னு கேட்டுக்கறேன்."

"அதில்லம்மா. பாட்டிலெல்லாம் நம்ம குழந்தைக்கு ஒத்து வருமான்னுதான்..."

"அதுக்குள்ள குழந்தையோட பேசி முடிச்சிட்டீங்களா?" என்றவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி. நல்ல பாட்டில் அமைஞ்சா குழந்தை உங்ககிட்ட. அமையலேன்னா என்கூட வரட்டும். பாட்டிலை நீங்களே பாத்து எடுங்க."

நானேவா! இந்த வீட்டில் ஒரு மிதியடி வாங்கும்போதுகூட, மிதிபடும் இனத்தைச் சேர்ந்தவன் என்ற முறையிலாவது என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது முழு அதிகாரம் என் கையில். பாட்டில் அமையாமல் பார்த்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கேரம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி பயம். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எத்தனையோ மோட்டார்களை மேலே ஏற்றியவன் நான். ஆனால் மூன்று கிலோ மனிதன் ஒருவனை இந்தக் கையில் ஏந்த வேண்டும் என்று நினைத்தாலே உள்ளங்கை வியர்த்தது. மோட்டார் கீழே விழுந்தால் வேறு மாட்டலாம். குழந்தைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும்? இதை மனைவியிடம் சொல்லும் தைரியம் இல்லாததால்தான் சூழ்ச்சியில் இறங்கினேன்.

கடைக்குப் போனோம். விற்பனைப் பெண் முதலில் பால் எடுக்கும் பம்ப்பைக் காட்டினாள். பம்ப் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் இருந்த மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டான்.

"இது எத்தனை அடி ஏத்தும்?"

"சார்?"

"நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்? கீழ ஃபுட் வால்வ் இருக்கா, இல்லியா?"

"என்னங்க, இது கிணறு இல்ல" என்றாள் மனைவி. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அவளே இரண்டு நிமிஷத்தில் ஒரு பம்ப்பை எடுத்துக் கூடையில் போட்டாள். "இது என் சமாசாரம், நான் பாத்துக்கிட்டேன். பாட்டில் உங்க இலாகா. ஆரம்பிங்க."

விற்பனைப் பெண் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தாள். "இது ரொம்ப சிம்பிள் சார். பாட்டில், நிப்பிள், மூடி, மூணே பாகம்தான். கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்."

அபாயம்! கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம் என்றால் என்னைத்தான் மாட்டிவிடுவார்கள்.

"இதுல காத்து போக வழியே இல்லையேம்மா. பாலோட காத்தும் உள்ள போகும். ஏர்லாக் ஆயிடும்."

"யாருக்கு சார்?"

"குழந்தைக்கு."

அடுத்தது ஐந்து பாகம். "திரெட் சரியில்ல" என்றேன். அதற்கடுத்தது ஏழு பாகம். "பரவால்ல, ஆனா நம்பிக்கை வரல" என்றேன். அப்போதுதான் மேல்தட்டின் மூலையில் தூசி படிந்த ஒரு பெட்டி கண்ணில் பட்டது.

"அது வேண்டாம் சார். வாங்கினவங்கள்ல பாதிப் பேர் திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க. மொத்தம் பதினோரு பாகம். மாட்டவே முடியலேன்னு சண்டைக்கு வர்றாங்க."

என் காதில் தேன் பாய்ந்தது. பெட்டியைத் திறந்து எண்ணினேன். பாட்டில், நிப்பிள், வளையம், மூடி, உள்ளே ஒரு குழாய், குழாய்க்கு ஒரு தலை, வால்வு இரண்டு, அடிமூடி ஒன்று, வாஷர் இரண்டு. பதினொன்றும் ஆஜர். இதைக் கழுவி மாட்டி முடிப்பதற்குள் குழந்தை பள்ளிக்கூடம் போய்விடும்.

"இதுதான்" என்றேன்.

மனைவி பெட்டியை எட்டிப் பார்த்தாள். "பதினொண்ணா? நிச்சயமாவா?"

"இதுதாம்மா இன்ஜினியரிங்!"

"உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லி அதையும் கூடையில் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பதினோரு பாகத்தையும் கொதிக்கவைத்து மேஜைமேல் பரப்பினாள். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். கேட்ட சத்தங்கள் எல்லாம் இனிமையாக இருந்தன. ஏதோ உருண்டது. ஏதோ தெறித்தது. "சே!" என்றது ஒரு குரல்.

"என்னங்க, இது வரவே மாட்டேங்குது."

"பொறுமையா பண்ணும்மா. வரும்."

வரவில்லை. முதல் முறை வால்வு தலைகீழாக இருந்தது. இரண்டாம் முறை ஊற்றிய தண்ணீர் அடிவழியாக ஓடியது. மூன்றாம் முறை குழாயே வெளியில் கிடந்தது. தினமும் பரிசோதனைக் கூடத்தில் பொடிப் பொடிச் சாமான்களோடு புழங்குகிறவள் இதில் இப்படித் திணறுகிறாளே என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

மாடி வீட்டு அக்காவைக் கூப்பிட்டாள். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அரை மணி நேரம் போராடிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, முப்பது வருஷம் வார்டுல இருந்திருக்கேன். ஒரு குழந்தை வெளிய வர்றதுக்குக்கூட இவ்ளோ கஷ்டப்பட்டு நான் பாத்ததில்ல."

"அப்ப விடும்மா" என்றேன் மனைவியிடம், முகத்தில் முடிந்த மட்டும் சோகத்தைப் பூசிக்கொண்டு. "இடம் வேணும்னே எழுதிக் குடுத்துடு. நமக்குக் குடுத்துவெச்சது அவ்வளவுதான்."

"அப்படித்தான் பண்ணணும்போல" என்று பெருமூச்சு விட்டாள். அன்றைக்குக் கேரத்தில் சிவப்புக் காயை நான் மூன்று முறை போட்டேன்.

மாதம் முடிய இரண்டே நாள் இருக்கும்போது மெல்ல ஆரம்பித்தாள். "எதுக்கும் கடைசியா ஒரு தடவை வாஷர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டிடறேன்."

வாஷர் என்பது என் பட்டறையில் இன்னொரு மெக்கானிக்கின் பட்டப்பெயர். எந்தப் பம்ப்பைக் காட்டினாலும் "வாஷர் போச்சு" என்பான். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாவிட்டாலும் வாஷரை மாற்றுவான்.

"அவனா? அவன் எதுக்கு?"

"உங்களால முடியாதது அவரால முடியுமான்னு பாக்கத்தான்."

"என்னால முடியாதுன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க ஒரு தடவைகூடத் தொட்டுப் பாக்கலியே, அதான் கஷ்டம்போலன்னு விட்டுட்டேன்."

வாயைத் திறக்காதே என்றது என் புத்தி. திறக்கவில்லை. மறுநாள் பத்து மணிக்கு வாஷர் வந்து உட்கார்ந்தான். மாடி வீட்டு அக்காவும் வேடிக்கை பார்க்க இறங்கி வந்தார். இருபது நிமிஷத்தில் பாட்டில் ஒரு மாதிரி உருவத்துக்கு வந்தது. மேஜைமேல் இரண்டு வாஷர்கள் மிச்சம்.

"இதுல வாஷர் தேவையே இல்ல" என்றான். பிறந்ததிலிருந்து முதன்முறையாக வாஷர் வேண்டாம் என்றான். பாட்டிலில் தண்ணீர் ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்தான். சட்டை நனைந்தது.

"பரவால்ல அண்ணா" என்றாள் மனைவி, அவனிடம் துண்டை நீட்டியபடி. "உங்களுக்கும் வரல, இவருக்கும் வராது. ரெண்டு பேரும் சமம்தான்."

சமமா! வாஷரும் நானுமா!

எப்போது எழுந்தேன், எப்போது சட்டைக் கையை மடித்தேன் என்று எனக்கே தெரியாது. அடிமூடி, வாஷர், வால்வு, குழாய், தலை, வாஷர், வால்வு, வளையம், நிப்பிள், மூடி. கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

"அம்பத்திரெண்டு செகண்ட்!" என்று கத்தினாள் மனைவி. செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்!

அக்கா கை தட்டினார். வாஷர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். அதோடு நிறுத்தினேனா? பதினொன்றையும் பிரித்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிக் காட்டினேன். ஒவ்வொரு வால்வும் என்ன செய்கிறது என்று பத்து நிமிஷம் பேசினேன். பேசி முடித்துக் கண்ணைத் திறந்தால் முன்னால் ஒரு படிவம்.

"இந்த வீட்ல இதை மாட்டத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். அதனால ரூம் வேண்டாம்னு எழுதிட்டேன். அப்பாவோட கையெழுத்து மட்டும் பாக்கி."

"பேனா இல்லியே" என்றேன்.

"இந்தா குருவே" என்று தன் பேனாவை நீட்டினான் வாஷர். துரோகி!

மனைவியை அடுப்படிக்கு அழைத்துப் போனேன். "பாட்டிலை மாட்டிடுவேம்மா. குழந்தையைத் தூக்கத்தான்... பயமா இருக்கு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "தெரியும். போன வாரம் கடையில பாட்டிலுக்குக் குறுக்க இருந்த பொம்மைக் குழந்தையைக்கூட ரெண்டு கையாலதான் நகர்த்தி வெச்சீங்க. இவ்ளோ பயப்படறவர் கையிலேர்ந்து எந்தக் குழந்தையும் விழாது. போடுங்க."

கோபம் வர வேண்டிய இடத்தில் நான் போய் வாஷரின் பேனாவை வாங்கினேன். கையெழுத்துப் போட்டேன். படிவம் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துக் கேரம் ஆடக் கிளம்பியவன், ஸ்ட்ரைக்கரை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். அடுப்படியில் மனைவி செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தன் தங்கையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பார்வை ஜன்னலுக்கு வெளியே. கைகள் மட்டும் தம் பாட்டுக்கு வேலை செய்தன. டக், டக், டக். வாஷர் இரண்டும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"அடிப்பாவி! உனக்கு மாட்ட வராதுன்னியே?"

அவள் பதறவில்லை. "அப்புறம் பேசறேன்டி" என்று போனை வைத்துவிட்டு, பாட்டிலைத் துடைக்கச் சொல்லி என் கையில் கொடுத்தாள்.

"பதினோரு பாகம் உள்ளதா பாத்து எடுத்தீங்களே, அதுக்கு உங்களுக்குக் கோயிலே கட்டலாங்க. மூணு பாகம் உள்ளதை எடுத்திருந்தீங்கன்னா, எனக்கு மாட்ட வரலேன்னு சொன்னா நீங்களே நம்பியிருக்க மாட்டீங்க."