பெட்டியில் இடமில்லை

ஊருக்குப் போகிறவனிடம் பார்சல் கொடுத்தனுப்பும் வழக்கம் ஒழியாதவரை நம் ஜனம் உருப்படாது என்பது லிஃப்ட் இன்ஜினியரின் தீர்மானமான கருத்து.

கடல் தாண்டி இவ்வளவு பெரிய நகரத்துக்கு வந்தாயிற்று. சொன்ன நேரத்துக்கு ரயில் வருகிறது. கதவு தானாகத் திறக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் பெயர்கூடத் தெரியாமல் நிம்மதியாக வாழ முடிகிறது. இத்தனையும் அனுபவித்துவிட்டு, எவனாவது ஊருக்குக் கிளம்பினால் மட்டும் ‘ஒரு சின்னப் பைதான்’ என்று பல்லிளிப்பது என்ன நாகரிகம் என்று அவன் கேட்பான். லிஃப்டில் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால் எட்டுப் பேர்தான். ஒன்பதாவதாக ஏறியவர் சொந்த மாமனாராக இருந்தாலும் இறங்கித்தான் ஆகவேண்டும். பெட்டிக்கும் அதே சட்டம்.

இப்படிப்பட்டவனுக்குத் தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைத்துவிட்டது.

விஷயம் வெளியே கசிந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அவன் குடியிருந்த கட்டடத்தில் மாடிக்கு இரண்டு தமிழ்க் குடும்பம். போன வருஷம் மூன்றாம் மாடிக்காரர் ஊருக்குப் போனபோது பெட்டி முழுக்க அடுத்தவர் சாமான். தன் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உடம்பில் மாட்டிக்கொண்டு விமானம் ஏறினார். சீட் பெல்ட் போட முடியவில்லையாம்.

எனவே, எதிர்வீட்டு நர்ஸ் அக்கா விசாரித்தபோது அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "லீவு குடுக்கலக்கா" என்றான். எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னால் கட்டடத்துக்கே சொன்ன மாதிரி. வேலை முடிந்தது என்று நினைத்தான்.

வேலை அப்போதுதான் ஆரம்பித்தது. கூடப்பிறந்தவள் கல்யாணத்துக்குப் போக முடியாத பாவப்பட்ட பிள்ளை என்று அன்றிரவே ஐந்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. அதில் அவனுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்கள். ஒவ்வொரு கவளத்துக்கும் நடுவே பெருமூச்சு விடவேண்டியிருந்தது. இரண்டு முறை புரையேறியது. துக்கத்தில் அடைக்கிறது என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

மறுநாள் அக்கா, அவன் மேனேஜரை நேரில் பார்த்து லீவு கேட்கப்போவதாகப் புறப்பட்டாள். மேனேஜரோ கையெழுத்துப் போட்டு வாழ்த்தும் சொல்லியிருந்த நல்ல மனிதர். இன்ஜினியர் பதறிப்போய், அந்த ஆள் ஒரு ராட்சசன், சிபாரிசு என்று வந்தால் சீட்டைக் கிழித்துவிடுவான் என்று தடுத்தான்.

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"சரி, நீதான் போக முடியல. நம்ம கட்டடத்து சார்பா தங்கச்சிக்கு ஒரு பரிசாவது போய்ச் சேரணும்ல?"

"யாருக்கா கொண்டுபோவாங்க? முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட போய்க் கெஞ்சறதெல்லாம் எனக்குப் பிடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நீ கெஞ்ச வேணாம் ராசா. நாங்க கெஞ்சிக்கறோம்."

பரிசு வந்தது. பீங்கான் டின்னர் செட். பெரிய தட்டு, சின்னத் தட்டு, கிண்ணம், மூடி போட்ட பாத்திரம், எல்லாவற்றையும் போர்வையில் சுற்றி ஒரு பைக்குள் திணித்திருந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள். படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பியாயிற்று என்றும், அவள் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள் என்றும் அக்கா சொன்னாள். ஏர்போர்ட் வாசலில் நின்று எவரையாவது பிடித்துக் கொடுத்துவிடும் பொறுப்பை முதல் மாடி டாக்ஸி அண்ணன் ஏற்றுக்கொண்டார்.

கிளம்பும் நாளன்று இன்ஜினியர் தூரத்தில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பழுது என்று சொல்லிவிட்டு, எப்போதும்போல் டூல் பையோடு காலையில் இறங்கிப்போனான். பெட்டியை ஒரு வாரமாக ஆபீஸ் ஸ்டோர் ரூமில் ஒளித்துவைத்திருந்தான். அதை உருட்டிக்கொண்டு ஆபீஸ் பின்வாசல் வழியாகத் தெருவுக்கு வந்து கையைக் காட்டியதும் ஒரு டாக்ஸி வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. உள்ளே அண்ணன்.

"இந்தப் பக்கம் ஒரு சவாரி வந்தேன்" என்றார் அண்ணன். பெட்டியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "எங்க, பெட்டியோட?"

"சக்கரம் சரியில்லண்ணே. ரிப்பேருக்கு."

"எங்க கடை?"

வாயில் வேறு எதுவும் வரவில்லை. "ஏர்போர்ட் பக்கம்" என்றான்.

"நல்லதாப் போச்சு. நானும் அங்கதான் போறேன்" என்று அண்ணன் டிக்கியைத் திறந்தார். டின்னர் செட் உள்ளே சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

வழி முழுக்க அண்ணன் நல்ல சக்கரங்களைப் பற்றிப் பேசினார். ஏர்போர்ட் வாசலில் இரண்டையும் இறக்கிவைத்தார். வண்டியை அங்கே நிறுத்தினால் அபராதம் என்றும், வந்ததுதான் வந்தாய், உன் தங்கை பரிசுக்கு நீயே ஆள் பார்த்துவிடு என்றும் சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

கவுண்டரில் பெட்டியை வைத்தான். எடை அனுமதித்த அளவில் மயிரிழை பிசகாமல் நின்றது. ஸ்டோர் ரூமிலேயே தராசு வைத்து நிறுத்தவன் அல்லவா. பையையும் வைத்தான். கவுண்டர் பெண் பரிதாபமாகச் சிரித்தாள். கூடுதல் எடைக்கு அவள் சொன்ன தொகையில் இன்னொரு தங்கைக்கே கல்யாணம் செய்துவிடலாம். கவுண்டர் மூடக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பையை விட்டுவிட்டுப் போனால், படத்தைப் பார்த்து அழுதவள் மணமேடையில் இன்னொரு தடவை அழுவாள். அவளுக்கென்று அவன் வாங்கிய பட்டும், அம்மாவுக்கான மசாஜ் மெஷினும்தான் பெட்டியை நிறைத்திருந்தன. எதை எடுத்து வெளியே போடுவது?

அவன் வரிசையைத் திரும்பிப் பார்த்தான்.

முதலில் ஒரு தம்பதி. பாஸ்போர்ட்டை யார் தொலைத்தது என்று அதுவரை சுத்தமான தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள், அவன் பக்கத்தில் போனதும் தமிழே தெரியாதவர்களைப்போல விழித்தார்கள். அடுத்து ஒரு மாணவன். பையைப் பார்த்ததுமே காதில் எதையோ மாட்டிக்கொண்டு கூரையை ஆராயத் தொடங்கினான். நாலைந்து தடவை தானும் செய்து பழகிய உத்திதான் அது என்பது இன்ஜினியருக்கு உறைத்தது.

மூன்றாவதாக, கழுத்தில் தலையணை மாட்டிய ஒரு வழுக்கைத்தலைக்காரர் சாவகாசமாக நின்றிருந்தார். இன்ஜினியர் சுற்றுமுற்றும் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"அண்ணே... ஒரு சின்னப் பைதான்."

அவர் பையை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே என்ன என்று கேட்டார். திறந்து காட்டச் சொன்னார். தட்டைத் தட்டிப் பார்த்தார். தங்கையின் பேர், மாப்பிள்ளை பேர், மாப்பிள்ளையின் வேலை எல்லாம் கேட்டார். இன்ஜினியர் கைகட்டிப் பதில் சொன்னான். இன்னொரு தடவை கெஞ்சினான். மூன்றாவது தடவை கெஞ்சியபோது கண் கலங்கியது.

வழுக்கைத்தலைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பையைத் தூக்கித் தன் வண்டியில் வைத்துக்கொண்டார்.

"நர்ஸம்மா வார்டுல படுத்திருந்தவன்தான் தம்பி நானு. கல்யாணத்துக்குக் கூப்பிட உங்கம்மா அவங்களுக்குப் போன் பண்ணி, பையன் வர்ற தேதியையும் அன்னிக்கே சொல்லிட்டாங்களாம். இந்தப் பைக்கு நேத்தே எடம் ஒதுக்கியாச்சு. மூணு தடவையாவது கெஞ்ச விட்டுட்டு வாங்கிக்கணும், அவ்வளவுதான் எனக்கு உத்தரவு."