தொண்டை அளந்த ராஜ்ஜியம்

ஏழு மலைக்கு அப்பால், ஓட்டுக் கேட்டு யாரும் போகாத காட்டில், ஒரு குரங்கு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே அரசனாவதற்கு ஒரே தகுதி தொண்டை. மன்னர் உறுமேந்திரர் விடியலில் உறுமினால் மூன்றாவது மலையில் பலாப்பழம் உதிரும். ஆனால் இயற்கை கொஞ்சம் கஞ்சம். தொண்டைக்கு அள்ளிக் கொடுத்ததை இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டுவிட்டது. மன்னருக்கு அங்கே இருந்தவை இரண்டு சுண்டைக்காய். இது ராஜாங்க ரகசியம். ஆகவே எல்லோருக்கும் தெரியும்.

விளாம்பழத்தைவிடப் பருத்த தொண்டை உள்ள ஆணுக்கே குடும்பம் நடத்தும் உரிமை என்று முதல் சட்டம் வந்தது. அந்த வருடம் பிறப்பு பாதியானது. உறுமல் போதவில்லை என்று கண்டுபிடித்த மன்னர், அத்திப்பழம் முழுவதையும் உறுமுவோருக்கே ஒதுக்கினார். பெண்கள் மரப்பட்டை தின்றார்கள். பிறகு பகல் முழுக்க உறுமல் கட்டாயமானது. அந்தச் சத்தத்தில் சிறுத்தை வந்தது யாருக்கும் கேட்கவில்லை. மூன்று பேர் போனார்கள். அமைச்சர் கடுவன்ராயர் அதற்கு மக்கள்தொகைச் சீரமைப்பு என்று பெயர் வைத்தார்.

கடைசிச் சட்டம், கைக்குட்டி வைத்திருந்த செம்பி போன்ற தாய்மாரைக் குறிவைத்தது. குட்டியின் தொண்டை நெல்லிக்காய் அளவுகூட இல்லையென்றால், தாயும் சேயும் ஆற்றின் அக்கரைக்குப் போக வேண்டும். அக்கரை சிறுத்தையின் வீடு.

அளவு நாளில் அமைச்சர் செம்பியின் குட்டியின் கழுத்தருகே நெல்லிக்காயை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “யாரம்மா இதுக்கு அப்பன்?”

“உறுமுறவங்களுக்கு மட்டுந்தானே இங்க பிள்ளை பிறக்கும், சாமி? சட்டம் அப்படித்தானே சொல்லுது? வேணும்னா ராஜாவையே கேளுங்க.”

மற்ற எட்டுத் தாய்மாரும் தத்தம் குட்டிகளை நீட்டினார்கள். ஒன்பதுக்கும் சின்னத் தொண்டை. ஒன்பதுக்கும் ஊமையனின் சப்பை மூக்கு. ஊமையன் பிறந்ததிலிருந்து உறுமாதவன். ஆனால் இடுப்புக்குக் கீழே இயற்கை அவனுக்குத் தாராளம்; அவன் உட்காரவே இரட்டைக் கிளை வேண்டும்.

மேல்கிளையில் இருந்த மன்னர் மூக்குகளைப் பார்த்தார். விரட்டினால், உறுமுகிறவர்களுக்கு ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை என்ற உண்மை ஊரறியும். நெடுநேரம் கனைத்தார்.

“சின்னத் தொண்டைதான் ராஜவம்சத்தின் அடையாளம். இனி உறுமல் ரத்து.”

செம்பி குட்டியை இறுக அணைத்துக்கொண்டாள். காட்டில் முதன்முறையாக அமைதி. அதில் ஆற்றோரம் சருகு நொறுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் உச்சிக்கு ஏறினார்கள். சிறுத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பியது.

உச்சியிலிருந்தே மன்னர் உரையாற்றினார். ஒன்பது குட்டிகளும் தம் ஆட்சியின் சாதனை என்றார். பின்கிளையில் ஊமையன் பலமாகக் கைதட்டினான்.

“உன் பேரைச் சொல்லவேயில்லையே,” என்றாள் செம்பி.

“சொல்லாம இருக்கட்டும்டி. தெரிஞ்சா என்னையும் அமைச்சராக்கி உரையாத்த விட்டுடுவாங்க.”