கோவளத்தில் காக்காய்க்குப் போட்ட எறா

தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு இருந்த தைரியம், தெரியாது என்று சொல்ல ஒருநாளும் இருந்ததில்லை. இதற்காக என்னை நானே நாலு அறை விட்டுக்கொள்ளலாம். ஆனால் முதல் அறை தினேஷுக்குத்தான்.

அனிதாவும் நானும் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்திருந்தோம். மாடம்பாக்கத்தில் அவள் வீட்டில் ஒருவர் மட்டும் தலையாட்டவில்லை. அவள் அப்பா ஆல்பர்ட் சார். மனிதருக்கு மீன் பிடிப்பதில் பைத்தியம். "பையன் தூண்டில் போடுவானா?" என்று கேட்டிருக்கிறார். "சூப்பரா போடுவான்ப்பா" என்று இவள் அளந்துவிட்டாள். (நான் கடலே இல்லாத படப்பைக்காரன். கடையில் வாங்கிய மீனையே பையோடுதான் தொடுவேன்.)

"அப்போ சனிக்கிழமை கோவளம் வரச் சொல்லு. ஆளைப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

என் நண்பன் தினேஷிடம் ஒரு ஜிக்கிங் ராடு இருந்தது. படகில் நின்று, இரும்பில் செய்த பொய் மீனை ஆழத்தில் இறக்கி, வெடுக் வெடுக்கென்று மேலே இழுப்பதற்கான குட்டையான, விறைத்த கம்பு. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"அனிதா அப்பா உயிர் எறா மாட்டிப் போடுவாராம்டா. இது சரியா வருமா?"

"இன்னா மச்சான் நீ! கம்புன்னா கம்புதான். வேகமா வீசு, வெடுக்குனு இழு. மீன் வந்துகினே இருக்கும்."

நாசமாய்ப் போனவன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஆல்பர்ட் சார் கோவளம் கடற்கரைப் பாறைமேல் தயாராக நின்றார். காலடியில் தண்ணீர் டப்பா, உள்ளே பன்னிரண்டு எறா (இறால்தான்) துள்ளிக்கொண்டிருந்தன. என் கம்பைப் பார்த்தார்.

"இது ஜிக்கிங் ராடாச்சே தம்பி. ரொம்ப விறைப்பு. வீசினா உயிர் எறா முள்ளுல நிக்காது. என்னோடதை எடுத்துக்குங்க."

சரி என்று வாங்கியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! "எனக்கு இதான் சார் பழக்கம்" என்றேன்.

முழு பலத்தோடு வீசினேன். முள் ஒரு பக்கம் போனது, எறா ஒரு பக்கம் போனது. இரண்டாவது எறா பின்னால் பாறையில் விழுந்தது. ஒரு காக்காய் தூக்கிக்கொண்டு போனது. மூன்றாவது எப்படியோ முள்ளோடு தண்ணீருக்குள் போய்ச் சேர்ந்தது. தினேஷ் சொன்னபடி வெடுக்கென்று இழுத்தேன். வெறும் முள் வந்தது.

ஆறாவது எறாவுக்குள் காக்காய்கள் என் பின்னால் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. "மெதுவா, தம்பி" என்று ஆரம்பித்தவர், "மெதுவாப்பா" என்று இறங்கி, "யோவ், மெதுவாய்யா!" என்ற இடத்துக்கு வந்திருந்தார். பதினோராவது எறா அவர் தொப்பியில் மோதி, தோளில் உட்கார்ந்தது.

"மீன் புடிக்க வந்தியா, காக்காய்க்கு விருந்து வைக்க வந்தியா? விடியறதுக்கு முன்னாடி எழுந்து போய் வாங்குன எறாய்யா!"

எனக்கும் வந்தது பாருங்கள் கோபம்! கம்பைப் பாறையில் ஓங்கிப் போட்டேன்.

"எனக்கு மீன் பிடிக்கவே தெரியாது சார்! இந்த எழவெடுத்த கம்பை நேத்துதான் கண்ணால பார்த்தேன். எனக்கு அனிதாவைக் கல்யாணம் பண்ணிக்கணும், அவ்ளோதான். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. எறா வெச்சு டெஸ்ட் பண்ணாதீங்க!"

கத்தி முடித்த பிறகுதான், யாரிடம் கத்தியிருக்கிறேன் என்று உறைத்தது.

ஆல்பர்ட் சார் தோளில் இருந்த எறாவை எடுத்து அவரே காக்காய்க்குப் போட்டார்.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா எனக்குப் பதினோரு எறா மிஞ்சியிருக்கும்" என்றார். கடைசி எறாவைத் தன் கம்பில் மாட்டி என் கையில் கொடுத்தார். அதற்கும் மீன் சிக்கவில்லை.

கல்யாணமாகி நாலு வருஷமாகிறது. (கல்யாணத்துக்கு தினேஷ் வந்து மூன்று தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டான்.) மாடம்பாக்கத்தில் எறாத் தொக்கு வைக்கும்போதெல்லாம் மாமனார் சமையலறைப் பக்கம் குரல் கொடுக்கிறார்: "அனிதா, மாப்பிள்ளை தட்டை மூடி எடுத்துட்டு வாம்மா, பறந்துடப் போவுது!"

எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் கோபமாகத்தான் சாப்பிடுகிறேன். எதிரில் உட்கார்ந்து என் இரண்டரை வயது மகள், என்னைப் பார்த்து "கா... கா..." என்று கத்துகிறாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.