டம்ளர் பாய் செய்த அவசரம்

மதுரையில் ஓடுகிற அத்தனை ஃபேனையும் ஒரே ஆளாக நிறுத்தக்கூடியவர் டம்ளர் பாய்தான். ஆபீஸ் வாசலில் டீ விற்ற நான், அவர் நின்று பேசிப் பார்த்ததில்லை. நடந்துகொண்டே பேசுவார். பாதிப் பேச்சு எனக்கு, மீதி மாடிப்படிக்கு.

அந்த அரசு ஆபீசில் அவர் உதவியாளர். கரண்டை மிச்சம் பண்ணு, பேப்பர் கப்பை விடு என்று மேலிடத்து உத்தரவு வந்தது. அப்போது நான் கடையை வில்லாபுரத்துக்கு மாற்றும் யோசனையில் இருந்தேன், அது வேறு கதை. அதிகாரி உத்தரவை வாசித்தார். எல்லோரும் தலையாட்டி, பேப்பர் கப்பில் டீ குடித்துக் கலைந்தார்கள். பாய் மட்டும் அதை நம்பிவிட்டார்.

மறுநாளிலிருந்து, ஆள் எழுந்தால் ஃபேன் நின்றது.

"பாத்ரூமுக்குத்தானய்யா போனேன்," என்றார் ஒரு கிளார்க்.

"நீங்க போனீங்க. ஃபேன் யாருக்குச் சுத்துச்சு?"

அதிகாரி இறங்கி வரும்வரை ஜீப்பை ஏசியோடு ஓடவிட்டு வைப்பது டிரைவர் வழக்கம். பாய் சாவியை உருவிக்கொண்டு நடந்தார்.

"ஐயாவுக்கு சீட்டு சுடும் பாய்."

"ஊரே வெந்துக்கிட்டு இருக்கு மாப்ள. அவருக்குப் பின்னாடி மட்டும் ஆறணுமாக்கும்?"

பிறகு ஒரு சாக்கு நிறையப் புது எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் அவர் மகள் பெயர் வெட்டியிருப்பதாக டிரைவர்தான் எனக்கு வாசித்துச் சொன்னார். கல்யாணச் சீருக்குச் சேர்த்தவை என்பது எங்களுக்குத் தெரியாது. அவை சாக்கில் ஏறியது பாய் மனைவிக்குத் தெரியாது.

நிக்காஹ் நெருங்கியபோது தெரிந்துவிட்டது. அந்த அம்மா நேரே ஆபீசுக்கு வந்து என்னிடம் கேட்டார்.

"எங்கண்ணே எம்மக டம்ளரு?"

ஆபீசே தேடியது. ஒன்றில் பேனா, ஒன்றில் கோந்து, ஒன்று ஏசித் தண்ணீர் சொட்டுகிற இடத்தில். ஜீப்பில் கிடந்தது நசுங்கியிருந்தது. அந்த அம்மா அதைத் துடைத்துக்கொண்டே, "இத எப்படிச் சம்மந்தி வீட்டுக்குக் குடுத்து விடுறது?" என்றார். பாய்க்குக் கால் நகரவில்லை.

"விடுங்க பாய், பேப்பர் கப்பே வாங்கிருவோம்," என்றார் ஹெட் கிளார்க்.

பாய் தன் மனைவியைப் பார்த்தார். என் கெட்டிலைப் பார்த்தார்.

"டம்ளரு வீட்டுக்குப் போகட்டும் சார். நான் உள்ளங்கையில வாங்கிக் குடிச்சுக்கிறேன்."

சொன்னபடியே கையை நீட்டிவிட்டார். ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் ஆளுக்கொரு டம்ளர் வீட்டிலிருந்து வந்தது. எல்லாம் விசேஷ வீடுகளில் கொடுத்த டம்ளர்கள். உசிலம்பட்டியில் யாரோ ஒரு பிள்ளையின் காதுகுத்துப் பெயர் வெட்டிய டம்ளரில் அதிகாரி குடித்தார். நசுங்கியதற்குப் பதில் டிரைவர் புதுசு வாங்கிப் பெயரும் வெட்டிக் கொடுத்தார். சீர் குறையவில்லை.

நிக்காஹ் வண்டியூர்ப் பக்கம் மண்டபத்தில் நடந்தது. பந்தியில் சமையல்காரர் பேப்பர் கப் அடுக்கியிருந்தார். கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அத்தாவைக் காணோம். சம்மந்தி வீட்டார் தேடுகிறார்கள். நான் போய்ப் பார்த்தால், பின்பக்கக் குழாயடியில் புதுச் சட்டையை மடித்துவிட்டு, ஆபீஸ் டம்ளர்களையெல்லாம் பந்திக்கு அள்ளிவந்து கழுவிக்கொண்டிருக்கிறார்.

"பொண்ணப் பெத்தவர் செய்யிற வேலையா பாய் இது?"

"எம்புட்டுச் சனம், எம்புட்டுக் கப்புண்ணே. மனசு கேக்கல. நீங்க போயிச் சாப்பிடுங்க."

நான் போகவில்லை. தோள் துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினேன். அவர் கழுவக் கழுவ நான் துடைத்தேன். எங்கள் இருவருக்கும் அன்று கடைசிப் பந்திதான்.