பூ பட்டனும் மூணு முடிப் பூச்சியும்

சிரிக்க வைக்கிறேன், உறுதி. ஆனா இப்ப இல்ல. முதல்ல கொஞ்ச நேரம் பருத்திக்காகக் கவலைப்படுங்க. எங்க சித்தப்பா படலையா?

போன வாரம் அவர் எனக்குக் கொடுத்தது சாதாரண வேலை. சித்தப்பா காட்டுல பருத்தி இலையெல்லாம் சுருண்டு போச்சு. "பூச்சியைக் கண்ணால பாக்காம மருந்து தர்றதில்லீங்க"ன்னுட்டாரு குன்னம் பூச்சிமருந்துக் கடைக்காரர். பூச்சியோ, தொட்டா நசுங்குது. அதனால போட்டோ!

கேமரா என் கூட்டாளி, லப்பைக்குடிக்காடு ஜாபரோடது. அவங்க அத்தா, அதான் அப்பா, துபாய்லேர்ந்து கொண்டாந்த டிஜிட்டல்.

"மாப்ள, இந்தப் பூ படம் போட்ட பட்டனை அமுக்கிட்டுக் கிட்டப் போ. எறும்பு எருமை சைசுல தெரியும். கீழ போட்டே, அத்தா என்னைய ஒட்டகம் மேய்க்க அனுப்பிடுவாரு!"

காட்டுல குப்புறப் படுத்தேன். மூச்சு விட்டா இலை ஆடுது. மூச்சை அடக்கினா நான் ஆடறேன். எடுத்த படமெல்லாம் பச்சையா ஒரே மூட்டம். பேட்டரி வேற கண் சிமிட்டுது.

பக்கத்துல சித்தப்பா குனிஞ்சு களை பிடுங்கிட்டிருந்தார். பிடரியில கருப்பா ஒரு மரு, அதுல மூணு முடி. ஊரே பாத்த மரு. அவர் மட்டும் பாத்ததில்ல.

கிளிக்!

அடேயப்பா, என்ன தெளிவு! மூணு முடியும் மூணு பனைமரம்.

"பூச்சி மாட்டிக்கிச்சு சித்தப்பா!"

திரையைப் பாத்ததும் அவர் மூஞ்சி வெளிறிடுச்சு. "அடேய், ரோமமெல்லாம் வச்சிருக்கு! வெளிநாட்டுப் பூச்சிடா இது. காட்டையே மொட்டையடிச்சிடும். ஏறு வண்டியில!"

மொபெட்ல பின்னாடி நான். என் மூக்குக்கு நேரா பூச்சி. சிரிப்பை அடக்கி அடக்கி உடம்பே குலுங்குது.

"அழுவாதடா. பருத்தியை எப்படியாச்சும் காப்பாத்திடலாம்."

கடை வெளிச்சத்துல திரை சரியாத் தெரியலைன்னு, கடைக்காரர் சித்தப்பா முதுகுக்குப் பின்னால வந்து நின்னு திரையை எட்டிப் பாத்தார். அப்புறம் பிடரியைப் பாத்தார். மறுபடி திரை. அப்புறம் என்னை. நான் மின்விசிறியைப் பாத்தேன்.

"இது எப்பலேர்ந்துண்ணே இருக்கு?" சிரிப்பை அடக்கிக்கிட்டு மூக்காலேயே கேட்டார்.

"இன்னிக்குத்தாங்க வந்துச்சு."

"இல்லீங்களே. நீங்க கடைக்கு வரும்போதெல்லாம் இதுவும் கூடவே வருதே!"

சொல்லிட்டு ஒரு முடியைச் சுண்டி இழுத்தார்.

"ஆ!"

சித்தப்பா கை மெதுவா பிடரிக்குப் போச்சு. தடவுச்சு. நின்னுடுச்சு. என் பக்கம் திரும்பினார்.

"நெசப் பூச்சி எங்கடா?"

"காட்டுல... இலையில..."

"போய் எடுத்துட்டு வா. நடந்து!"

நடந்து போறதுல ஒரு சௌகரியம். மரு மறைக்காம ரோடு பளிச்சுன்னு தெரியுது.